கேட்டவருக்கெல்லாம் காட்டாட்டு லைசென்ஸ்

"ஆட்டப் பத்தி விசாரிக்கவா கடல் தாண்டி வந்தே?"

பன்னிரண்டு வருடம் கழித்துத் தம்பி என்னைப் பார்த்த சரசக்கா கேட்ட முதல் கேள்வி இது. ரங்கூனில் அலோன் பகுதியில், ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குப் பின்னால், மரக்கால்களின் மேல் நிற்கும் பலகை வீடு அவளுடையது. அத்தானுக்குப் படகுத்துறையில் வேலை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டில் இல்லை. அக்கா மட்டும் இரு கன்னத்திலும் சந்தனம் போல எதையோ வட்டமாகப் பூசிக்கொண்டு, பர்மியப் பெண் மாதிரி லுங்கி கட்டி, வாசற்படியில் நின்றிருந்தாள்.

"உன்னையும் பார்க்கத்தான் வந்தேன்" என்றேன்.

"'உன்னையும்'னா?" என்று கேட்டுவிட்டு, அழுதாளா சிரித்தாளா என்று தெரியாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வரும் காரணத்தைக் கடிதத்தில் எழுதியிருந்தேன், அவள் கேட்டதில் தப்பில்லை. நான் வால்பாறைக்கு மேலே ஒரு டீ எஸ்டேட்டில் ஸ்டோர் கிளார்க். எங்கள் மலை உச்சிகளில் வரையாடுகள் உண்டு. வருடத்துக்கு நாலே நாலு பேருக்கு, கிழட்டுக் கிடா ஒன்று சுடுவதற்கு, எங்கள் வேட்டைச் சங்கம் லைசென்ஸ் வாங்கிக் கொடுக்கும். கேட்பவர்கள் அதிகம் என்பதால் சீட்டுக் குலுக்கல். ஒன்பது வருடமாக என் பெயரும் அந்தத் தகர டப்பாவில் விழுந்துகொண்டிருக்கிறது. ஒரு முறையும் வெளியே வந்ததில்லை. குலுக்கலில் சூது ஒன்றும் கிடையாது. அதிர்ஷ்டம் கிடையாது, அவ்வளவுதான். என்னைப் போலவே டிரைவர் சாமுவேல், ஃபாக்டரி மேஸ்திரி ராமன் என்று எத்தனையோ பேர் காத்திருந்து காத்திருந்து முழங்காலில் வலி வரும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

அந்த வருடம் சங்கத்தில் பெரிய சண்டை. குலுக்கலை ஒழித்துவிட்டு, கேட்டவருக்கெல்லாம் லைசென்ஸ் கொடுக்கலாம் என்றது ஒரு கட்சி. அப்படிச் செய்தால் இரண்டு பருவத்தில் மலையில் ஆட்டுப் புழுக்கைகூட மிஞ்சாது என்றது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. அப்போது செயலாளர்தான் சொன்னார், பர்மாவில் ஒரு மலை ஜில்லாவில் காட்டாட்டுக்கு இப்படித்தான் கணக்கில்லாமல் லைசென்ஸ் கொடுத்தார்கள் என்று. அந்த வனக் கச்சேரியில், அதாவது வன இலாகா ஆபீசில், வேலை பார்த்த தமிழ்ப் பெண் ஒருவர் இப்போது ரங்கூனில் இருக்கிறாராம். "உங்க அக்காவப் பார்க்கப் போறீங்கல்ல, அப்படியே அவங்ககிட்ட ஒரு அறிக்கை எழுதி வாங்கிட்டு வாங்க. ஆடு அழிஞ்சுதா, இல்லையா, ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்றார். அறுபத்தொன்றாம் வருடம், மழைக்காலத்துக்கு முந்தைய வெயிலில் நான் ரங்கூனில் இறங்கியது இப்படித்தான்.

மறுநாள் காலை அக்கா மோஹிங்கா வாங்கி வைத்தாள். மீன் குழம்பில் மிதக்கும் அரிசிச் சேவை. அதற்குள் வாழைத்தண்டு. மீனோடு வாழைத்தண்டு சேரும் என்று யாராவது ஊரில் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். பிறகு ஒரு சின்னத் தட்டில் கறுப்பாக எதையோ எண்ணெயில் பிசைந்து, வறுத்த பூண்டும் வேர்க்கடலையும் தூவிக் கொடுத்தாள். புளிப்பும் துவர்ப்புமாக இருந்தது. என்ன கீரை என்று கேட்டேன்.

"தேயிலை" என்றாள்.

இருபது வருடம் தேயிலையோடு குடித்தனம் செய்தவன் நான். அதைக் கிள்ளுவார்கள், வாட்டுவார்கள், உருட்டுவார்கள் என்று தெரியும். ஊறப்போட்டுத் தின்பார்கள் என்று தெரியாது. இந்த ஊரில் டீக்கடைக்குப் போனால் வெறும் தேயிலைத் தண்ணீர் மேஜை மேல் கெண்டியில் சும்மா இருக்கிறது, நம் ஊர்க் கடையில் பானைத் தண்ணீர் இருப்பதைப் போல. எங்கள் மானேஜர் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

நான் பார்க்க வேண்டிய பெண் தின்கன்ஜூனில் இருந்தார். ஊருக்குக் கிழக்கே, வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் குடியிருக்கும் பகுதி. பஸ்ஸில் எண்ணெல்லாம் பர்மிய எழுத்தில் இருக்கும் என்பதால், அக்கா மையால் என் உள்ளங்கையில் அந்த எண்ணை வரைந்து அனுப்பினாள். பர்மிய எழுத்தில் ஒன்றும் எட்டும் கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். வட்டத்தின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம். பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் வியர்வையில் என் கைவட்டத்தின் வாய் மூடிவிட்டது. குத்துமதிப்பாக ஒன்றில் ஏறினேன். மரக்கூடு கட்டிய பழைய பஸ். முக்கால் மணி நேரம் கழித்து, நான் புறப்பட்ட ஆற்றங்கரையின் இன்னொரு முனையில் இறக்கிவிட்டார்கள்.

வாயில் தடித்த சுருட்டும் மடியில் பூக்கூடையுமாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். சுருட்டை எடுக்காமலே சிரித்தார். என் மணிக்கட்டை விடாமல் இழுத்துக்கொண்டு போய், சரியான பஸ்ஸில் ஏற்றி, உள்ளே இருந்தவர்களிடம் நீளமாக ஏதோ சொன்னார். பஸ் முழுவதும் சிரித்தது. என் பக்கத்தில் இருந்த தமிழர் மொழிபெயர்த்தார்: "இந்த மனுஷருக்கு ஒன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, தின்கன்ஜூன் வந்ததும் நீங்களே இறக்கிவிடுங்கள், பாவம் என்கிறார்." அதன் பிறகு அந்த நிறுத்தம் வரும்வரை ஆறு பேர் என்னைக் காவல் காத்தார்கள்.

ரோஸம்மாளை அங்கே எல்லோரும் மா ரோஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். மரியாதைக்கு ஆணுக்குக் 'கோ', பெண்ணுக்கு 'மா' என்று முன்னால் சேர்ப்பது ஊர் வழக்கம். தமிழர்களும் தங்களுக்குள் அப்படியே அழைத்துக்கொள்கிறார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கழுத்தில் சின்னச் சிலுவை. வீட்டின் முன்னறையில் ஆறு டைப்ரைட்டர் வைத்துப் பெண்களுக்குத் தட்டச்சு சொல்லிக் கொடுத்து வந்தார். நான் போனபோது ஆறும் ஒரே சமயத்தில் அடித்துக்கொண்டிருந்தன. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்தது போல இருந்தது.

"வாங்க, வாங்க. உங்க செயலாளர் கடுதாசி வந்திச்சு. காட்டாட்டுக்காரர்தானே?" என்றார்.

மாணவிகளை அனுப்பிவிட்டு விவரம் சொன்னார். அந்த மலைக்காட்டில் இருப்பது வரையாடு அல்ல. கறுத்த உடம்பும் கழுதைக் காதும் பின்னோக்கி வளைந்த கொம்பும் உள்ள வேறு ஓர் ஆடு. தனியாகத் திரியும். செங்குத்துப் பாறையில் நிற்கும்.

"லைசென்ஸுக்குக் கணக்கே கெடையாது. யாரு வந்து கேட்டாலும் நானே டைப் அடிச்சுக் கொடுப்பேன். கடைக்காரங்க, கார் ஓட்டுறவங்க, பள்ளிக்கூட வாத்தியார், எல்லாரும் வருவாங்க."

"அப்ப ஆடு தீர்ந்து போயிருக்குமே?"

"லைசென்ஸுக்குத்தான் கணக்கில்ல. ஆட்டுக்குக் கணக்கு உண்டு. ஆறு. சுட்டவங்க தலையைக் கச்சேரிக்குக் கொண்டாந்து காட்டணும். ஆறாவது தலை வந்த அன்னிக்கே வேட்டை முடிஞ்சுதுன்னு நோட்டீஸ் போயிரும். ஊர் ஊருக்கு ஒட்டிருவாங்க. துப்பாக்கிய எறக்கிட்டு வீட்டுக்குப் போயிரணும்."

எனக்கு எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. எங்கள் சங்கத்தில் தொண்டை கிழியக் கத்தியவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. ஏறிப் பார்க்க எல்லோருக்கும் உரிமை. மலை கொடுப்பதற்கு மட்டும் எல்லை.

"ஆறு வருஷம் நடந்திச்சு. ஆடு கொறையல, ஒரு தடவ அதிகமாக்கூட கண்ணுக்குப் பட்டுச்சுன்னு வனக் காவல்காரங்க எழுதினாங்க. முக்கால்வாசிப் பேரு சும்மாதான் எறங்கி வருவாங்க. ஆனா மொகத்தப் பார்க்கணுமே, கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்."

"தகராறு எதுவும் வரலியா?"

மா ரோஸி ஒரு டைப்ரைட்டரின் மேல் உறையைப் போட்டார். அடுத்ததற்கும் போட்டார். "ஒண்ணு வந்திச்சு. தாமுவே மார்க்கெட்டுப் பக்கத்துல கோ காதர்னு மளிகைக் கடை வெச்சிருக்கார். அவருகிட்டயே கேட்டுக்குங்க. நாளன்னிக்கு வாங்க, அறிக்கைய அடிச்சுத் தர்றேன்." வாசல்வரை வந்தவர், "நான் அனுப்பினேன்னு சொல்ல வேணாம்" என்றார்.

மூன்றாம் நாள் பஸ்ஸை நம்பாமல் சைக்காவில் போனேன். சைக்கிளின் பக்கத்தில் இரண்டு இருக்கைகளை முதுகோடு முதுகாக ஒட்டியிருப்பார்கள். ஓட்டுபவர் என்னைப் பின்பக்க இருக்கையில் உட்காரவைத்ததால், தாமுவே முழுவதையும் நான் கடந்து போன பிறகே பார்த்தேன். ஒரு திருப்பத்தில் சக்கரம் பள்ளத்தில் இறங்க, வெங்காயக் கூடைக்காரி ஒருத்தியின் மடியில் ஏறக்குறைய உட்கார்ந்துவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், என்னைத் தூக்கி நிறுத்திச் சட்டையைத் தட்டிவிட்டாள்.

கோ காதருக்கு ஐம்பது வயது இருக்கும். நாகூர்ப் பக்கம் பூர்வீகம். நெடிய மனிதர், கொஞ்சம் கூன். நான் வரையாட்டைப் பற்றிச் சொன்னதும் அவர் கண் மாறியது. கையிலிருந்த பருப்புப் படியை வைத்துவிட்டு, எனக்கு ஒரு முக்காலி போட்டார். "எத்தன அடி ஒசரத்துல நிக்கும்? மந்தையாவா? காத்து எந்தப் பக்கம் அடிக்கும் காலைல?" ஒரு மணி நேரம் அவர்தான் கேட்டார், நான்தான் பதில் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் மனைவி மா கின், பர்மியப் பெண், டீயும் பொரித்த சுரைக்காயும் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு நான் கேட்டேன். அவர் சொன்னது இது.

ஏழு வருடத்துக்கு முன் மலை அடிவார ஊர் ஒன்றில் கடை வைத்திருந்தார். மா கின் அந்த ஊர்ப் பெண். மா கின்னின் தம்பி கோ பா தின்தான் ஊர்த் தலைவர். மைத்துனர்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதம். நாலு பருவம் லைசென்ஸ் எடுத்து, நாலு முறையும் வெறுங்கையோடு இறங்கியவர் காதர். ஐந்தாம் முறை கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஏறினார்.

"இருபத்தெட்டாந்தேதி காலைல பனி விலகுது தம்பி. பாறை நுனியில நிக்குது. நான் சுட்டது பத்தாது, ஓடிப் போயி பிஸ்மில்லா சொல்லி அறுத்தேன், உசிரு இருந்திச்சு, ஹலால் ஆச்சு. ஒத்தையா உக்காந்து அழுதேன். சந்தோசத்துல. தலையத் தோள்ல போட்டுக்கிட்டு ரெண்டு நாள் நடந்து எறங்குனேன். ஊருக்குள்ள வந்தா, மச்சான் வீட்டு வேலிக் கதவுல நோட்டீசு. இருபத்தாறாந்தேதியோட முடிஞ்சிச்சுன்னு போட்டிருக்கு."

கோ பா தின் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இன்று காலைதான் தபாலில் வந்தது, வந்ததும் ஒட்டினேன் என்றாராம். தலையைப் புதைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றாராம். காதர் கேட்கவில்லை. "நான் திருடலியே. தெரியாமத்தானே சுட்டேன். உள்ளதச் சொன்னா புரிஞ்சுக்குவாங்கன்னு நானே தலைய எடுத்துக்கிட்டு கச்சேரிக்குப் போனேன்."

விசாரணை நடந்தது. நோட்டீஸ் இருபத்துநாலாம் தேதியே அனுப்பப்பட்டதாகத் தபால் பதிவுப் புத்தகத்தில் இருந்தது. லாரியில் ஒரே நாளில் போய்விடும் ஊர். அப்படியானால் ஊர்த் தலைவர் ஐந்து நாள் அதை வீட்டில் போட்டு வைத்திருந்தார் என்று ஆனது. கோ பா தின்னின் தலைவர் பதவி போயிற்று. காதரின் துப்பாக்கியும் லைசென்ஸும் போயின.

"துப்பாக்கிக்காக நான் வருத்தப்படல. புத்தகத்துல கண்ணால பார்த்தேன், இருபத்துநாலு. எம் மூஞ்சியப் பார்த்து பொய் சொல்லியிருக்கான் அவன். ஊர் நடுவுல வெச்சு, 'நீ பொய்யன், இனி எனக்கு மச்சான் கெடையாது'ன்னுட்டேன். கடைய எடுத்துக்கிட்டு இங்க வந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "இவளும் அவன் பேர எடுக்கிறதில்ல. நான்தான் எடுக்கக் கூடாதுன்னேன்."

மா கின்னுக்குத் தமிழ் பேச வராவிட்டாலும் புரியும் போலிருக்கிறது. எப்போது உள்ளே போனார் என்று தெரியவில்லை. டீக் கோப்பைகள் மட்டும் இருந்தன.

நாலாம் நாள் மா ரோஸி வீட்டுக்குப் போனபோது அறிக்கையின் இரண்டு பத்தி தயாராக இருந்தது. அழகான இங்கிலீஷ். லைசென்ஸ் தாராளம், ஆட்டுக்கு எல்லை, ஆறு வருட அனுபவம் எல்லாம் வரிசையாக. எனக்கு மூன்றாவது பத்தியும் வேண்டும் என்றேன். தவறு நடந்ததை மறைத்தால் எதிர்க்கட்சி அதைத் தோண்டி எடுத்துவிடும். நாமே சொல்லிவிடலாம்.

"சொல்லுங்க, அடிக்கிறேன்" என்று காகிதத்தைச் சரிசெய்தார்.

"ஊர்த் தலைவர் ஒருவரின் அலட்சியத்தால் ஒரு முறை..." என்று ஆரம்பித்தேன்.

விரல்கள் எழுத்துகளின் மேல் நின்றன. ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி சொன்னேன். மா ரோஸி கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"இத நான் அடிக்க மாட்டேன்."

"ஏன்?"

"அந்த மனுசர் மேல தப்பு இல்ல. என் மேலதான்."

சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பகலில் ஆறாவது தலை வந்தது. அதிகாரி இரண்டு நாள் தவணை வைத்து நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு, மூன்று மணி லாரிக்கு அனுப்பிவிடச் சொல்லி இவரிடம் கொடுத்தார். இவருக்கு மாதா கோவிலில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை. போகிற வழியில் லாரியில் கொடுத்துவிடலாம் என்று மேஜை டிராயரில் வைத்தவர், எடுக்காமலே ஓடிவிட்டார். விடுமுறை முடிந்து இருபத்தொன்பதாம் தேதி கச்சேரியைத் திறந்தால் நோட்டீஸ் டிராயரிலேயே கிடந்தது.

"அன்னிக்கே அனுப்பிட்டேன். ஆனா பதிவுப் புத்தகத்துல இருபத்துநாலுன்னு எழுதினேன். அம்மா படுக்கையில இருந்தாங்க, என் சம்பளந்தான் வீட்டுக்கு. நாலஞ்சு நாளு தாமதத்துல என்ன ஆகிரப்போவுதுன்னு நெனச்சேன். ரெண்டு நாள்ல கோ காதர் தலையத் தூக்கிட்டு வந்து நிக்கிறார், சிரிச்சுக்கிட்டு. விசாரணையில புத்தகத்தக் கேட்டாங்க. நானே கொண்டு போயி மேஜையில வெச்சேன்."

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது காதரோ அவர் மைத்துனரோ அல்ல. என் அறிக்கைதான். கச்சேரியே தவறு செய்தது என்று எழுதினால், எங்கள் ஊரில் இந்த ஏற்பாட்டையே கைகழுவிவிடுவார்களே என்று நினைத்தேன். இரண்டு பத்தியோடு காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கம்தான்.

"தாமுவே வழியாப் போற பஸ்ல நான் ஏறுறதே கெடையாது" என்றார் மா ரோஸி. "அவரு இங்கதான் இருக்கார்னு அஞ்சு வருசமாத் தெரியும்."

"நான் ரெண்டு நாள்ல ஊருக்குப் போயிருவேன். நீங்க இங்கதானே இருக்கணும்? இன்னிக்கே போயிரலாமா?" என்று கேட்டேன்.

அவர் வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் பைபிள் மாதிரி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோ காதர் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "அட, கச்சேரி டைப்பிஸ்டம்மா! ரங்கூன்லயா இருக்கீங்க?" என்று மகிழ்ச்சியோடு முக்காலியைத் துடைத்தார். மா ரோஸி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஒத்திகை, டிராயர், இருபத்தொன்பது, இருபத்துநாலு. தன் தாயாரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

வாசலில் எண்ணெய் வாங்க வந்த ஒருவர் நிலைமையைப் பார்த்துத் திரும்பிப் போனார்.

"தேதிய மறுபடியும் சொல்லுங்க" என்றார் காதர்.

மா ரோஸி சொன்னார்.

"அப்ப அவன் கையில முப்பதாந்தேதி காலைலதான் கெடச்சிருக்கு."

"ஆமா."

"எங்கையப் புடிச்சிக்கிட்டு அவன் சொன்னது நெசம்."

"நெசந்தான் கோ காதர்."

"துப்பாக்கி இரும்பு, போனாப் போவுது. அவனப் பொய்யன்னேன். அத்தன பேரு முன்னால." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு மா ரோஸியைப் பார்க்காமலே, "நீங்க போங்க" என்றார்.

மா ரோஸி நகரவில்லை. அப்போதுதான் மா கின் உள்ளேயிருந்து வந்தார். பர்மிய மொழியில் மெதுவாக, நிறுத்தாமல், கணவரிடம் பேசினார். கோபமாகப் பேசினாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை, குரல் அவ்வளவு அடங்கியிருந்தது. அவர் சொன்னதை மா ரோஸி பிற்பாடு எனக்குச் சொன்னார்: "ஏழு வருஷம் உங்கள் பேச்சைக் கேட்டேன். என் தம்பிக்குக் கல்யாணம் ஆனது, நான் போகவில்லை. குழந்தை பிறந்தது, நான் பார்க்கவில்லை. இனி கேட்க மாட்டேன். மலைக்கு ரயில் எப்போது?"

கோ காதர் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து, தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "எந்த மூஞ்சியோட போயி நிப்பேன்? என்னன்னு சொல்லுவேன்?"

"நீங்க சொல்ல வேணாம்" என்றார் மா ரோஸி. "நான் வர்றேன். அவரு பொய் சொல்லலன்னு அந்த ஊர் நடுவுலயே நான் சொல்றேன்."

துண்டை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார் காதர். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "காலைல அஞ்சரை மணிக்கு ஸ்டேஷனுக்கு வாங்க. தாமதமாக்காதீங்க" என்றார்.

ஐந்தாம் நாள் காலையில் நான் வழியனுப்பப் போனேன். சரசக்காவும் வந்தாள். முந்தின நாள் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆட்டப் பத்தின்னா இப்படின்னு சொல்லக் கூடாதா?" என்று என்னைக் கடிந்துகொண்டு, ஒரு தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தாள். ரயில் நிலையத்தில் மா ரோஸி எங்களுக்கு முன்பே நின்றிருந்தார். நாலரைக்கே வந்துவிட்டாராம். அறிக்கையை என்னிடம் கொடுத்தார். இப்போது அதில் மூன்றாம் பத்தி இருந்தது. தவறு யாருடையது, தேதி எப்படி மாற்றப்பட்டது, எல்லாம் எழுதி, அடியில் முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டிருந்தார்.

வண்டி நகர்வதற்கு முன் கோ காதர் சன்னல் வழியே என் கையைப் பிடித்தார். "தம்பி, உங்க ஊரு ஆளுங்களுக்கு எல்லாருக்கும் லைசென்ஸ் கொடுங்க. மலைய ஒருத்தன் ரெண்டு பேரு மட்டும் பார்க்கிறது நல்லதில்ல. ஆனா ஒண்ணு எழுதிக்கங்க. நோட்டீசு எப்ப அனுப்புனாங்கங்கிறது தேதி இல்ல. ஊருக்காரன் கையெழுத்துப் போட்டு வாங்கினான் பாருங்க, அதான் தேதி. அதுக்கு அப்புறம் சுட்டாத்தான் குத்தம்."

ஒரே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சன்னலோரம் காதர், மறுகோடியில் மா ரோஸி, நடுவில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு மா கின். வண்டி போகும்வரை மா கின் ஒருவர்தான் எங்களுக்குக் கை காட்டினார்.

ஊர் திரும்பி, சங்கக் கூட்டத்தில் மூன்று பத்தியையும் வாசித்தேன். மூன்றாம் பத்தியை எங்கள் கட்சிக்காரர்களே வேண்டாம் என்றார்கள். நான் விடவில்லை. வாசித்து முடித்ததும், இதுவரை குலுக்கல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த ஒரு பெரிய எஸ்டேட் மானேஜர் எழுந்து, "தப்பையும் சேர்த்துச் சொல்லுகிற அறிக்கையை நான் நம்புகிறேன்" என்றார். கேட்டவருக்கெல்லாம் லைசென்ஸ், நாலு கிடாவோடு பருவம் முடிவு, ஊரார் கையெழுத்திட்டு வாங்கிய நாளே முடிவு நாள் என்று எழுதி அரசாங்க அனுமதிக்கு அனுப்பினார்கள். அனுமதி வந்தது. அந்தப் பருவத்தில் சாமுவேலும் ராமனும் நானும் ஏறினோம். எங்களில் யாருக்கும் ஆடு கிடைக்கவில்லை. ராமன் மட்டும் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு கிழட்டுக் கிடாவைத் துப்பாக்கிக்கு எட்டாத தூரத்தில் கால் மணி நேரம் பார்த்தான். இறங்கி வரும் வழியெல்லாம் அதையேதான் பேசினான்.

மா ரோஸியின் கடிதம் அதற்கு முன்பே வந்திருந்தது. மலை ஊரிலிருந்தே எழுதியிருந்தார். ஊர் கூடிய இடத்தில் அவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கோ பா தின் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். மன்னித்தேன் என்றோ மன்னிக்க மாட்டேன் என்றோ சொல்லவில்லையாம். மா ரோஸிக்குச் சாப்பாடு போட்டார்களாம். அக்காவும் தம்பியும் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்களாம். காதருடைய முகத்தைக் கோ பா தின் இரண்டு நாள் ஏறெடுத்துப் பார்க்கவில்லையாம்.

கடிதத்தின் கடைசிப் பகுதி இது: "மூன்றாம் நாள் காலையில் அவர் கோ காதரிடம், 'அன்றைக்கு அந்த ஆடு எந்தப் பாறையில் நின்றது?' என்று கேட்டார். அது ஒன்றைத்தான் கேட்டார். கோ காதர் கையால் காட்டிப் பார்த்தார், இங்கிருந்து தெரியவில்லை. மேட்டிலிருந்து தெரியும், வா, காட்டுகிறேன் என்றார். இரண்டு பேரும் துப்பாக்கி இல்லாமல், ஒரு கைத்தடியோடு ஏறிப் போனார்கள். நான் இதை எழுதும்போது மத்தியானம் ஆகிவிட்டது. மா கின் சமைத்து வைத்துவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர்கள் இன்னும் இறங்கவில்லை. சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. கூப்பிடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்கிறாள்."